மூக்கில்லாமல் காய்ச்சிய பியர்

செப்டெம்பர் 8, திங்கள்

காது மூக்குத் தொண்டை மருத்துவருக்கு என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். நான்கு சின்னப் போத்தல்கள் தந்தார். ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணை மூடி, அந்த மணத்தை மனதில் நினைத்தபடி மெல்ல இழுக்க வேண்டுமாம். பழுதாய்ப்போன நரம்பு திரும்பத் தளிர்க்க இது உதவலாம், உதவாமலும் போகலாம். என்ன தெரிந்தது என்று நாளுக்கு இரண்டு வரி எழுதச் சொன்னார். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். "நீங்கள் எந்த மொழியில் மணக்கிறீர்களோ அந்த மொழியில்" என்று சிரித்தார்.

ஆகவே எழுதுகிறேன். ரோசா: ஒன்றுமில்லை. எலுமிச்சை: ஒன்றுமில்லை. கராம்பு: ஒன்றுமில்லை. யூக்கலிப்டஸ்: மூக்குக்குள் குளிர்ந்தது. மணம் இல்லை.

மணம் ஏப்ரலில் வந்த காய்ச்சலோடு போனது. மற்றவர்களுக்கு இது ஒரு சின்னக் குறை. நான் சமையற்காரன். மொன்றியலில் தமிழர் வீட்டு விசேஷம் எதுவென்றாலும் சாப்பாடு பெரும்பாலும் கேதீஸ்வரனின் சமையற்கூடத்திலிருந்துதான் போகும். அங்கே பெரிய அடுப்பு என்னுடையது. உப்புப் பார்க்கக்கூட நான் நாக்கில் வைப்பதில்லை என்று பெயர் எடுத்தவன். மூடியைத் திறந்து ஒருதரம் குனிந்தால் போதும்.

மனைவி ரூபியிடம் சைனஸ் என்று சொல்லியிருக்கிறேன். கேதீசிடம் ஒன்றும் சொல்லவில்லை. மணம் திரும்பி வந்தபிறகு சொல்லலாம்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 10, புதன்

ஒன்றுமில்லை. ரூபி வர வரக் கதைகாரியாகிவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும்போதே, "இண்டைக்குக் கறிவேப்பிலை கொஞ்சம் கூடப் போட்டனான், பருப்பு முழுக்க அந்த மணந்தான்" என்கிறாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் பருப்பைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. படுக்கப் போகுமுன் என்னைத் தாண்டிப் போய் காஸ் அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்க்கிறாள். சமையற்காரன் வீட்டில் அடுப்பை நம்பாத பெண்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

மகள் ஆரபி ஒட்டாவாவிலிருந்து வந்தாள். என் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டி. உள்ளே மூடியும் அடியில் திறந்து மூடும் குழாயும் வைத்த வெள்ளை வாளி, வெப்பமானி, சாற்றின் அடர்த்தி காட்டும் கண்ணாடி மிதவை ஒன்று, வெறும் போத்தல்கள், பார்லிச் சாற்றுப் பாணி நிரப்பிய ஒரு பெரிய தகர டின்.

"வீட்டிலயே பியர் காய்ச்சலாம் அப்பா. இஞ்ச எல்லாரும் செய்யினம். ஓய்வு நேரத்தில நீங்கள் சும்மா யன்னலால பாத்துக்கொண்டிருக்கிறீங்களாம், அம்மா சொன்னவ."

"நான் எப்ப யன்னலால பாத்தனான்?" என்று ரூபியைக் கேட்டேன். அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

டின்னைத் திறந்து தண்ணீரில் கரைத்தால் பாதி வேலை முடிந்ததாம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பக்கற்றுத் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டுக் கறி என்று சொல்கிற ஆள் நானா? ஆனால் அவர்கள் படுத்தபிறகு வழிகாட்டிப் புத்தகத்தை முழுதாக வாசித்தேன். பின்பக்கத்தில், தானியத்திலிருந்தே தொடங்கும் முறையும் இருந்தது. முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியைச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்க வேண்டும், அறுபத்தாறு பாகையில். கூடினால் ஒரு மாதிரி, குறைந்தால் இன்னொரு மாதிரி. பிறகு வடித்துக் கொதிக்கவைத்து, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவிடுவது. எல்லா இடத்திலும் பாகை, நிமிடம், மிதவையின் இலக்கம். ஒரு இடத்திலும் "மணம் வந்ததும் இறக்கவும்" என்று இல்லை.

அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தேன். மூக்கே வேண்டாத ஒரு சமையல்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

ஒன்றுமில்லை. டின்னைப் பியர்ச் சாமான் விற்கிற கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்லி வாங்கினேன். கடைக்காரர் பெயர் காஸ்தோன், பெரிய தாடி. முதல் தடவையே முழுத் தானியமா, டின்னில் தொடங்கினால் சுலபம் என்றார். நான் அரைகுறைப் பிரெஞ்சில், "முந்நூறு பேருக்குச் சமைக்கிறவன்" என்றேன். அவர் மறுபேச்சின்றி அரைவை யந்திரத்தைப் போட்டார். பார்லியை ஒரு கை அள்ளி என் மூக்கருகே நீட்டினார். இழுத்து, கண்ணை மூடித் தலையாட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

இன்று கொண்டாட்டம் ஒன்றுமில்லை, வேலையும் இல்லை. காலையிலேயே தொடங்கினேன்.

சமையற்கூடத்திலிருந்து கொண்டுவந்த பழைய கிடாரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, துணிப்பையில் பார்லியைக் கட்டி இறக்கினேன். எழுபத்தொன்றில் தண்ணீர், தானியம் இறங்கியதும் அறுபத்தேழு. ஒரு பாகைதான் பிழை. குளிர்காலப் போர்வையால் கிடாரத்தைச் சுற்றிக் கட்டினோம். "கட்டினோம்" என்று எழுதுகிறேன், ஏனென்றால் ரூபி தானாகவே வந்து ஒரு நுனியைப் பிடித்தாள். பியர் என்றால் முகம் சுழிக்கிறவள். கொழும்பில் இருந்த காலத்தில் என் வாயில் ஒருநாள் பியர் மணத்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவள்.

போர்வையை விலக்கி வெப்பமானி பார்த்தபோது குனிந்து நின்றாள்.

"ஹோர்லிக்ஸ் மாதிரி இருக்கப்பா. சுடப் பால் விட்டுக் கலக்கினவுடன ஒரு மணம் வருமே, அது. கொஞ்சம் பாண் சுடுற மணமும் இருக்கு."

"ம்" என்றேன்.

"அடியில நனைஞ்ச வைக்கோல் மாதிரியும் ஒண்டு. பிழையான மணமில்லை."

"எனக்கும் தெரியுது ரூபி, நானும் இஞ்சதானே நிக்கிறன்."

அவள் போர்வையை இழுத்துத் திரும்ப மூடினாள்.

வடித்த சாறு நாக்கில் நல்ல இனிப்பு. கொதி வந்ததும் கசப்புக்கு ஹொப்ஸ் போட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவது மணத்துக்கு மட்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அந்தப் பங்கில் பாதியைத் திருப்பிப் பைக்குள் போட்டுவிட்டேன். ஏன் வீணாக்க வேண்டும்?

குளியல் தொட்டியில் ஐஸ் போட்டு ஆற்றினேன். மிதவை சொன்ன இலக்கம் புத்தகத்தில் இருந்ததற்கு மிகக் கிட்ட. வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவி மூடி, பேஸ்மென்டில் வைத்தேன். இடுப்பு முறிகிறது. ஏப்ரலுக்குப் பிறகு இவ்வளவு நேரம் பயப்படாமல் ஒரு அடுப்புக்கு முன்னால் நின்றது இன்றுதான்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

வாளி பேசத் தொடங்கிவிட்டது. மூடியில் தண்ணீர் விட்ட சின்ன அடைப்பான் இருக்கிறது, உள்ளே உண்டாகும் காற்று அதற்குள்ளால் குமிழியாக வெளியே வரும். ளொக், ளொக் என்று சத்தம். படியில் இருந்து கேட்டுக்கொண்டே தேத்தண்ணி குடித்தேன்.

ரோசாவும் மற்றவையும் ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 27, சனி

ஜெனிற்றாவிடம் இன்று கடுமையாகச் சொல்ல வேண்டியதாய்ப் போய்விட்டது. மன்னார்ப் பெண், நாலு வருடமாக எனக்குக் கீழே வேலை. கெட்டிக்காரி. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் பிடித்திருக்கிறாள். நான் இறக்கிவைக்கிற ஒவ்வொரு சட்டியையும் ஒருதரம் திறந்து பார்ப்பது, கரண்டியில் எடுத்து வாயில் வைப்பது, நான் திரும்பினால் தாளிதச் சட்டியோடு நிற்பது.

"என்ன பிள்ளை, என்ர சட்டியில உனக்கென்ன வேலை?"

"கடுகு கொஞ்சம் மிஞ்சிப் போச்சண்ணை, எறியப் பஞ்சியா இருந்தது. அதுதான்."

எறியச் சோம்பலாம். நேற்றும் மிஞ்சியது, போன கிழமையும் மிஞ்சியது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

போத்தலில் அடைத்தேன். வாளியின் குழாயைத் திறந்து முதல் கிளாசைப் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். நாக்குக்குப் புளிப்பு, கசப்பு, கொஞ்சம் உறைப்பு மாதிரி ஒன்று. பியர் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காஸ் ஏறினால் சரிவரும்.

ரூபி பேஸ்மென்ட் படியில் பாதி இறங்கி, அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. நீங்கள் குடிச்சனீங்களோ?"

"ஓம். முதல் தரத்துக்கு நல்லாத்தான் வந்திருக்கு."

"ம்" என்றாள். பேஸ்மென்ட் யன்னலைத் திறந்துவிட்டு மேலே போய்விட்டாள். நல்ல குளிர், ஏன் திறந்தாளோ. பியர் மீது அவளுக்கு உள்ள பழைய வெறுப்பு.

ஒக்டோபர் 20, திங்கள்

வருகிற சனிக்கிழமை பெரிய கலியாண வரவேற்பு. அதைப் பற்றிக் கதைக்கக் கேதீஸ் வீட்டுக்கு வந்தான். நான் என் போத்தலில் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். நுரை அழகாக எழுந்தது. நிறம் தேன் போல. கேதீஸ் கிளாசை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"சீலன் அண்ணை, இது எனக்குப் பகிடிக்குத் தாறீங்களோ?"

"ஏன்?"

"பழஞ்சீலையை வினாகிரியில ஊறப்போட்ட மாதிரியெல்லோ மணக்குது."

நான் சிரித்தேன். ஓம், கொஞ்சம் பழுதாய்ப் போச்சு, உனக்குப் பகிடி விட்டனான் என்றேன். அவனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்தபிறகும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூபி வந்து கிளாசை எடுத்துக்கொண்டு போனாள். "தேத்தண்ணி போடுறன் தம்பி" என்றாள்.

எல்லாப் போத்தல்களையும் கழுவுதொட்டியில் ஊற்றினேன். இலக்கம் எல்லாம் சரியாகத்தானே இருந்தது.

ஒக்டோபர் 25, சனி

எழுத விருப்பமில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

எழுதினால்தான் மனம் ஆறும் போலிருக்கிறது.

நேற்று ஜெனிற்றா வரவில்லை. அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது, சட்டி திறக்க ஆள் இல்லை என்று.

ஆட்டிறைச்சிக் கறி பெரிய கிடாரத்தில் வற்றிக்கொண்டிருந்தது. நான் அதற்கு இரண்டு அடி தள்ளி நின்று வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கறி கொதிக்கும் சத்தம் கேட்டது, ஆவி வந்தது. கதவு படாரென்று திறந்தது. கேதீஸ் ஓடிவந்து காஸ் அடுப்பை நிறுத்தினான்.

"என்னண்ணை இது! கார் நிப்பாட்டுற இடம் வரைக்கும் அடிப்பிடிச்ச மணம்!"

கிடாரத்துக்குள் கரண்டியை விட்டுக் கிளறினான். அடியிலிருந்து கரியாக வந்தது. முந்நூறு பேருக்கான இறைச்சி. கழுவுகிற பெடியன்கள் இரண்டுபேர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் மணத்திருக்கிறது. நான் வேண்டுமென்றுதான் ஏதோ செய்கிறேன் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கேதீஸ் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"அண்ணை, உங்களுக்கு மணக்கிறதோ இல்லையோ?"

நான் ஏப்ரனைக் கழற்றிக் கொழுவியில் மாட்டினேன். காரில் போய் இருந்தேன். திறப்பைப் போட்டுத் திருப்பக் கை வரவில்லை. அவன் யாருக்கோ தொலைபேசியில், எங்கிருந்தாவது கோழிக்கறி எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சுவது கேட்டது.

வீட்டுக்கு வந்து ரூபியிடம் சொன்னேன். "எனக்கு ஒண்டும் மணக்கிறேல்ல. ஏப்ரலில இருந்து. சைனஸ் எண்டு சொன்னது பொய்."

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மே மாசம் பால் பொங்கி எரிஞ்சதெல்லோ. வீடு முழுக்கப் புகை. நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில இருந்து ஐபாட்டில நியூஸ் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். அண்டைக்கே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"எனக்கு நீங்கள் ஏன் சொல்லேல்ல?"

அவள் மடித்த சட்டையை விரித்துத் திரும்ப மடித்தாள்.

"உங்களுக்கு வாய்திறக்கக் கஷ்டம் எண்டு தெரியும். அதுதான் ஒவ்வொரு நாளும் இண்டைக்கு இது மணக்குது, அது மணக்குது எண்டு நானாச் சொல்லிக்கொண்டு வாறன். கதையிலயாவது மணக்கட்டும் எண்டு."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டில் அவள் ஒன்றும் சொல்லாதபோது, நானாகக் கேட்டேன். "ரசம் என்ன மணம்?"

"மிளகும் கொத்தமல்லியும்" என்றாள். "பெருங்காயம் கூடிப்போச்சு."

நவம்பர் 2, ஞாயிறு

கேதீஸ் மூன்று தரம் எடுத்தான். நான் தொலைபேசியை எடுக்கவில்லை. மருத்துவர் தந்த போத்தல்களையும் திறக்கவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரபி சொன்னது உண்மைதான்.

நவம்பர் 5, புதன்

ஜெனிற்றா வந்தாள். கையில் ஒரு பை தோடம்பழம், நோயாளியைப் பார்க்க வருவதுபோல. எனக்குப் பிடிக்கவில்லை. ரூபி கதவைத் திறந்துவிட்டுத் தான் வெளியே போகவேண்டும் என்று போய்விட்டாள். வெளியே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"மே மாசத்தில இருந்து உங்கட கறிக்கு ரெண்டாந்தரம் தாளிக்கிறது நான்தான். ஏலக்காய் விழாட்டிப் போடுவன். கருகின வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துப்போட்டுப் புதுசாப் போடுவன். அண்டைக்கு நான் வந்திருந்தால் அது எரிஞ்சிருக்காது."

ஆறு மாதமாக நான் சமைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "அப்ப நீயே சமை. உனக்கு நான் எதுக்கு?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

"கேதீசண்ணையும் அப்பிடித்தான் சொன்னவர், பெரிய அடுப்பை நீ எடு எண்டு. நான் மாட்டன் எண்டுபோட்டன்."

"இரக்கமோ?"

"இரக்கமில்லை, பயம்." அவள் தோடம்பழப் பையைத் தரையில் வைத்தாள். "போன சனி ஒரு செத்தவீட்டு அந்தியேட்டிக்குத் தனியாச் செய்தனான். இருநூறு பேர். அரிசி எவ்வளவு, தேங்காய் எவ்வளவு, எது முதல் ஏத்துறது, எது கடைசியில இறக்கிறது, எல்லாம் குழம்பிப்போச்சு. சோறு ஆறிப்போய்த்தான் போனது. கறியில மணம் நல்லாத்தான் இருந்தது. உங்கட மூக்குக்குத்தானே அண்ணை காய்ச்சல் வந்தது? கைக்கு வரேல்லையே."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனபிறகு தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். இனிப்பு இருந்தது, புளிப்பு இருந்தது. தோடம்பழம் இருக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ரூபி காலையில் பேஸ்மென்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். பியர் வாளியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"உங்கட இலக்கம் எல்லாம் சரி எண்டீங்கள். அப்ப என்னெண்டு பழுதானது?"

"வாளியை நல்லாக் கழுவித்தான் ஊத்தினனான்."

"கழுவினது தெரியும். கொஞ்சம் பொறுங்கோ." வாளியை மூக்கருகே பிடித்து, ஒரு பூனைபோல விளிம்பு முழுக்க மோந்துகொண்டு போனாள். மூடியில் இல்லை. அடியில் இல்லை. குழாய்க்கு வந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "இதுதான். இதுக்குள்ளதான்."

நான் குழாயைக் கழற்றினேன். முறுக்கித் திறக்கும் பகுதியை இரண்டாகப் பிரிக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. உள்ளே பழுப்பு நிறத்தில் சளிபோல ஒன்று படிந்திருந்தது. கடையில் தண்ணீர் விட்டுச் சோதித்து, காயவிடாமல் பெட்டியில் அடைத்திருக்க வேண்டும். நானும் பிரித்துக் கழுவவில்லை. ரூபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடினாள்.

மேலே போய்ப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்த நாத்தத்துக்குள்ள இருந்து நல்லா வந்திருக்கு எண்டு குடிச்சீங்கள்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக் கனகாலம்.

காஸ்தோன் புதுக் குழாய் தந்தார். அவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பார்லியை நீட்டியபோது நடித்ததையும். அவர் தாடியைத் தடவிவிட்டு, கொஞ்சம் யோசித்து, வேறு ஈஸ்ட் ஒன்றை எடுத்துத் தந்தார். குளிரில் மெதுவாக வேலை செய்கிற வகையாம். எங்கள் பேஸ்மென்டின் பின்னறைக்கு இப்போது சரி. பொறுமை வேண்டும் என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாம் தரம்.

இம்முறை குழாயைப் பிரித்து, கொதிநீரில் போட்டு, ரூபி மோந்து "சரி" என்ற பிறகுதான் பூட்டினேன். வெப்பமானி என் கையில், கிடாரத்தின் மேல் அவள் முகம். தண்ணீரை எழுபதில் நிறுத்தினேன், தானியம் இறங்கியதும் சரியாக அறுபத்தாறு. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"ஹோர்லிக்ஸ் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. இப்ப வெறும் நனைஞ்ச சாக்கு." கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "இப்ப வருது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

கொதி முடியும் தறுவாயில் மணத்துக்கான ஹொப்சில் பாதியை எடுத்துத் தனியே வைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"அது எதுக்கு மிச்சம் பிடிக்கிறீங்கள்?"

"மணத்துக்கு மட்டுந்தான் இது."

"எனக்கு மணக்குமெல்லோ? போடுங்கோ முழுக்க."

போட்டேன். அவள் குனிந்து, "தேசிக்காய்த் தோல், பச்சைப் புல்லு, கொஞ்சம் மிளகு" என்று சொல்லிக்கொண்டே போனாள். பியர் என்றால் முகம் சுழிக்கிறவள்.

நவம்பர் 18, செவ்வாய்

நானாகக் கேதீசின் சமையற்கூடத்துக்குப் போனேன். அவன் கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான், எழும்பவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். ஏப்ரல், காய்ச்சல், மருத்துவர், போத்தல்கள், எல்லாம்.

"இறைச்சி எரிஞ்சதுக்கு எனக்குக் கோவமில்லை அண்ணை" என்றான். "எத்தினை வருசமா ஒண்டா நிக்கிறம்? அண்டைக்கு உங்கட வீட்டில அந்தப் பியரைத் தந்திட்டுப் பகிடி எண்டு சொன்னீங்கள் பாருங்கோ. நான் காரில போகேக்க நினைச்சனான், இந்தாளுக்கு ஏதோ நடந்திருக்கு, ஆனா எனக்குச் சொல்ல மாட்டார் எண்டு. அதுதான் எனக்குக் கவலை."

"பிழைதான் தம்பி."

"திரும்ப வந்தால் மூக்கு வேணுமே."

"மூக்கு ஜெனிற்றா. அளவும் நேரமும் நான். அவள் சரியெண்டு சொல்லாமல் ஒரு சட்டியும் வெளிய போகாது."

என்னைப் பார்த்தால் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் கேதீஸ் எழும்பிப்போய் என் ஏப்ரனைக் கொழுவியிலிருந்து எடுத்துவந்து கையில் தந்தான். யாரும் அதைத் தோய்க்கவில்லை.

நவம்பர் 22, சனி

நூற்றைம்பது பேருக்குப் பிறந்தநாள் விருந்து. அடுப்புகளில் சின்ன மணிக்கூடுகள் ஒட்டியிருக்கிறேன். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்றும் வாங்கினேன், பியர் தந்த பழக்கம். ஜெனிற்றா முதலில் கூச்சப்பட்டாள். "அண்ணை, நல்லா இருக்கு" என்று எல்லாச் சட்டிக்கும் ஒரே பதில்.

"நல்லா இருக்கு எண்டால் எனக்கு விளங்காது பிள்ளை. என்ன மணம் முன்னுக்கு நிக்குது, என்ன பின்னுக்கு நிக்குது? அதைச் சொல்லு."

அவள் மூடியைத் திறந்து குனிந்து மோந்தாள். "கறுவா முன்னுக்கு. சோம்பு எங்கயோ தூரத்தில. இஞ்சி பச்சையா இருக்கு."

"அப்ப இன்னும் எட்டு நிமிசம். சோம்பை வறுத்துக் கடைசியில போடு."

எட்டு நிமிடத்துக்குப் பிறகு திறந்து பார்த்தாள். பெருவிரலை மட்டும் உயர்த்தினாள். அந்தக் கறி என்ன மணத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது என் கறி. அவளுடையதும்தான்.

நவம்பர் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்க வேண்டும்.

மத்தியானம் பேஸ்மென்டின் பின்னறைக்குப் போனேன், வாளியின் சத்தம் கேட்க. கதவைத் திறந்ததும் சட்டென்று மனம் துணுக்கென்றது. ஐயோ, இதுவும் பழுதாய்ப் போச்சு என்று நினைத்தேன். குழாயைப் பார்த்தேன், மூடியைப் பார்த்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. படிக்கு ஓடிவந்து கூப்பிட்டேன்.

"ரூபி! இஞ்ச வாரும்! கூழ்முட்டை மாதிரிக் கிடக்கு, திரும்பவும் பழுது!"

அவள் கைதுடைத்தபடி இறங்கி வந்தாள். முகத்தில் ஒரு குற்ற உணர்வு.

"எனக்குத் தெரியுமப்பா. ரெண்டு நாளா நாறுது. நீங்கள் இப்பதான் வேலைக்குத் திரும்பிப் போறீங்கள், மனம் விட்டுப்போவீங்கள் எண்டு சொல்லேல்ல. இனிமேல் ஒண்டையும் மறைக்கிறேல்ல எண்டு நினைச்சும்..."

நிறுத்தினாள். கடைசிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

திரும்பப் பின்னறைக்குள் போனேன். வாளிக்கு மேலே குனிந்து மெல்ல இழுத்தேன். மங்கலாக, ஏதோ மூடிய கதவுக்கு அப்பால் இருந்து வருவதுபோல, ஆனால் பிழையே இல்லை. கூழ்முட்டை. உலகத்திலேயே அசிங்கமான நாற்றம். அது என் மூக்குக்குள்ளே போய், தொண்டை வரைக்கும் இறங்கியது.

"நாறுது ரூபி" என்றேன். "நாறுது."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன், இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காஸ்தோனுக்குத் தொலைபேசி எடுத்தோம். கடை பூட்டியிருந்தும் எடுத்தார். அந்த ஈஸ்ட் வேலை செய்யும்போது அப்படித்தான் நாறுமாம். பழுதில்லை. கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும், பியர் தெளிந்து நன்றாக வரும் என்றார். நாறினதைச் சொல்லும்போது நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிட்டுப் பிரெஞ்சில் உரத்துச் சொல்வது கேட்டது.

ரூபி பின்னறை யன்னலைத் திறக்கப் போனாள்.

"வேண்டாம்" என்றேன்.

"சகிக்கேலாதப்பா."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவள் ஸ்வெட்டர் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, பார்லிச் சாக்கின் மேல் என் பக்கத்தில் இருந்தாள். வாளி ளொக், ளொக் என்றது. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் நான் இழுத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

இன்றும் நாறியது. ஜெனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.